பிள்ளை மறைத்து வைத்த புத்தகம்

குடும்பங்களுக்கு ஞானப் பாடம்



சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில் நான் பணி செய்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். ஒரு தாயார் வந்து, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம்.

“சுவாமி, என் மகன் தலையணைக்கு அடியிலிருந்து இதை எடுத்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டு வந்திருக்கிறான். திறந்த இடமெல்லாம் அசிங்கமான வார்த்தை, அடிதடி. அதிலும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தையே கேவலமாய் எழுதியிருக்கிறது. நீங்களே இதைக் கிழித்துப் போடுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்” என்றார்.

பேசும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். பிள்ளையின் ஆத்துமத்தைப் பற்றிய நடுக்கம் அது. அதை ஒருபோதும் பரிகசிக்கலாகாது. ஆயினும் நான் புத்தகத்தைக் கிழிக்கவில்லை. “ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும் அம்மா, படித்துவிட்டுச் சொல்லுகிறேன்” என்று அனுப்பிவைத்தேன். அதன்பின் நடந்ததைத் தாயும் மகனும் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட ஒரு சொல்லும் இதில் இல்லை.

ஏன் கிழிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் ஒரு மாணவர் விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன. ஒருநாள் இரவு படிப்பு நேரத்தில் ஒரு பையன் பாடப் புத்தகத்துக்குள் ஒரு கொலைக் கதையை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கி, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அதில் ஒரு பக்கத்தையாவது நான் படித்துப் பார்க்கவில்லை. அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. அன்றுமுதல் நான் கேட்டதற்கெல்லாம் “சரி சுவாமி” என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை இராது. வருஷ முடிவில் விடுதியை விட்டுப் போய்விட்டான். அவன் மனத்தில் என்ன இருந்தது என்று அறிந்துகொள்ளும் சமயம் எனக்குப் பிறகு கிடைக்கவேயில்லை. ஒரு புத்தகத்தைப் பிடித்தேன், ஒரு பிள்ளையை விட்டுவிட்டேன். அது என் குற்றம்.

ஆகையால் இந்தமுறை உட்கார்ந்து படித்தேன்.

1. அந்தப் புத்தகம் என்ன சொல்லுகிறது?

புத்தகத்தின் பெயர் ‘தி சாக்லேட் வார்’. சாக்லேட் யுத்தம் என்று பொருள். எழுதியவர் ராபர்ட் கோர்மியர். 1925-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெமின்ஸ்டர் என்னும் ஊரில் பிறந்தவர். பத்திரிகையாளர். கத்தோலிக்கர். 2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ந் தேதி, மரித்த விசுவாசிகளுக்காக நாம் வேண்டிக்கொள்ளும் அந்த நாளிலேயே, இறந்தார்.

அவருடைய மகன் படித்த பள்ளியில், நிதி திரட்டுவதற்காக மாணவர்களிடம் சாக்லேட் பெட்டிகளைக் கொடுத்து விற்றுவரச் சொன்னார்கள். மகனுக்கு அதில் விருப்பமில்லை. பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அங்கே ஒரு விபரீதமும் நடக்கவில்லை. ஆனால் தகப்பனாரின் மனத்தில், “நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இந்த நாவல்.

கதையில் வரும் பள்ளி ஒரு கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. தற்காலிகமாய்ப் பொறுப்பில் இருக்கும் பிரதர் லியோன் என்பவர் பேராசையால் 20,000 பெட்டி சாக்லேட் வாங்கிவிடுகிறார். ஆளுக்கு 50 பெட்டி விற்றாகவேண்டும். பள்ளிக்குள் மாணவர்களின் இரகசியக் கூட்டம் ஒன்று இருக்கிறது. மற்றப் பிள்ளைகளை அச்சுறுத்தி ஆட்டிவைப்பதே அதன் தொழில். ஆசிரியர்களுக்கு அது தெரியும், தெரியாதவர்போல் இருக்கிறார்கள். ஜெரி என்னும் புதிய மாணவனுக்கு அந்தக் கூட்டம், “பத்து நாள் சாக்லேட் விற்கமாட்டேன் என்று சொல்லு” என்று கட்டளை இடுகிறது. பத்து நாளும் முடிகிறது. பதினோராம் நாள், யாரும் சொல்லாமல், தன் சொந்த மனத்தால் அவன் “மாட்டேன்” என்கிறான். அதன்பின் பள்ளி முழுவதும் அவனுக்கு விரோதமாய்த் திரும்புகிறது. முடிவில் மாணவர் கூட்டத்தின் நடுவில் அவனை அடித்து நொறுக்குகிறார்கள். பிரதர் லியோன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தீயவர்கள் தண்டிக்கப்படவில்லை.

இந்த முடிவை மாற்றவேண்டும் என்று சில பதிப்பகத்தார் கேட்டார்கள். கோர்மியர் இணங்கவில்லை. 1974-ல் புத்தகம் உள்ளபடியே வெளிவந்தது. அன்றுமுதல் அமெரிக்காவில் பல பெற்றோர், நம்முடைய தாயாரைப்போலவே, இதைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அசுத்த வார்த்தைகள், சரீர இச்சையைப் பற்றிய பேச்சு, வன்முறை, நம்பிக்கையற்ற முடிவு என்பவை அவர்கள் சொன்ன குறைகள். 2004-ஆம் ஆண்டில் மிகுதியாய் ஆட்சேபிக்கப்பட்ட புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

குறைகள் பொய் அல்ல. அவை புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் அவை இருக்கின்றன என்று சொல்லிவிட்டால் நம் விசாரணை முடிந்துவிடுமா?

2. தீமையை எழுதுவதே பாவமா?

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். நான்காம் அதிகாரத்திலேயே அண்ணன் தம்பியைக் கொல்லுகிறான். தாவீது அரசன் பிறன் மனைவியைக் கவர்ந்து, அந்தக் குற்றத்தை மூட அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகக் கொடுத்த வரலாறு ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை வாசிக்கிறோம். காட்டிக்கொடுத்தல், கசையடி, ஆணி அறைதல் எல்லாம் அதில் வருகின்றன. அப்போது சிறு பிள்ளைகளைக் கோயிலுக்கு வெளியே அனுப்பி விடுகிறோமா? இல்லை. மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறோம்.

தாவீதின் வரலாற்றில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் கண் திறந்தது எப்படி? நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுமாடுகள் உள்ள பணக்காரன் ஒருவன், ஓர் ஏழை மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து சமைத்தான் என்ற கதை. கேட்ட தாவீது கோபத்தால் எரிந்தான். “அந்த மனிதன் நீரே” என்றார் தீர்க்கதரிசி. நேராகச் சொல்லியிருந்தால் அரசன் காதைப் பொத்தியிருப்பான். அநியாயத்தைக் காட்டிய ஒரு கதை அவன் மனச்சாட்சியின் கதவைத் திறந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வெளியிட்ட ஏட்டில், தீமையைச் சித்தரிப்பது மனிதனை ஆழமாய் அறிந்துகொள்ளவும், உண்மையும் நன்மையும் துலங்கவும் உதவக்கூடும் என்று சங்கத் தந்தையர் ஒப்புக்கொள்ளுகிறார்கள். உடனே ஒரு வரம்பும் கட்டுகிறார்கள்: அது ஒழுக்கத்தின் கட்டுக்குள் நிற்கவேண்டும், ஆத்துமங்களுக்கு நன்மை போய்த் தீமை விளையலாகாது.

ஆகவே, “இதில் தீமை வருகிறதா?” என்ற கேள்வி மட்டும் போதாது. “இந்தப் புத்தகம் தீமையை என்னவென்று காட்டுகிறது?” என்று கேட்கவேண்டும். கொடுமையை வீரமென்றும், மோகத்தை அன்பென்றும், குடியையும் போதையையும் ஆண்மையென்றும் காட்டி, படிக்கிறவன் நாவில் நீர் ஊறச் செய்கிற புத்தகம் விஷம். அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாதிருக்கலாம், ஆனாலும் விஷமே. கொடுமையைக் கொடுமையென்று காட்டி, அடிபட்டவனின் முகத்தை நம் கண்முன் நிறுத்துகிற புத்தகமோ கசப்பு மருந்தாகலாம். சாக்லேட் யுத்தத்தைப் படித்து முடிக்கிற பிள்ளை அந்த இரகசியக் கூட்டத்தில் சேர ஆசைப்படமாட்டான். அதுவே என் தீர்ப்பு.

ஆயினும் அதில் ஒரு குறையை நான் கண்டேன். அந்தப் புத்தகம் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு நின்றுவிடுகிறது. நாமோ உயிர்ப்பு ஞாயிறை அறிந்தவர்கள். பிள்ளையை வெள்ளிக்கிழமை இருட்டில் விட்டுவிட்டு வர நமக்கு உத்தரவில்லை. மிச்சத்தைச் சொல்ல ஒருவர் அவன் பக்கத்தில் இருக்கவேண்டும்.

3. ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு விஷம்

நான் குருமடத்தில் படித்த ஒழுக்க சாஸ்திரத்தில் பாவ சமயத்தைப் பற்றி ஒரு பாகுபாடு உண்டு. சில சந்தர்ப்பங்கள் ஏறக்குறைய எல்லாருக்குமே பாவத்துக்கு ஏதுவானவை. வேறு சில, இன்னாருக்கு மட்டும், அவரவர் வயது, சுபாவம், பழக்கம் இவற்றைப் பொறுத்து ஏதுவாகின்றன. சாராயக் கடையைக் கடந்து போவது ஒருவனுக்கு ஒன்றுமில்லை, குடியை விட்டு ஒரு மாதமே ஆனவனுக்கு ஆபத்து. புத்தகமும் இப்படியே.

இதற்கு அர்ச். அவிலா தெரேசம்மாளே சாட்சி. 1515-ல் ஸ்பெயின் தேசத்தில் பிறந்த இந்த அர்ச்சியசிஷ்டவள், தன் வரலாற்றில் தன் சிறுபிராயத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறாள். அவளுடைய தாயாருக்கு வீரர்களின் காதல் சாகசக் கதைகள் என்றால் பிரியம். தாயார் தன் வேலைகளை விடாமல் ஓய்வுக்காகப் படித்தார், அவருக்குத் தீங்கு வரவில்லை. அதைப் பார்த்துப் பழகிய மகளோ இரவும் பகலும் பல மணி நேரம் அதிலே மூழ்கினாள். புதிய புத்தகம் கையில் இல்லாவிட்டால் அவளுக்கு நிம்மதி இல்லை. பக்தி குளிர்ந்தது, அலங்கார ஆசை வளர்ந்தது. தகப்பனாருக்கு அந்தக் கதைகள் பிடிக்காது. ஆதலால் அவர் கண்ணில் படாமல் ஒளித்துப் படித்தாள்.

ஒரே வீடு, ஒரே புத்தகம். தாய்க்கு ஒருவிதம், மகளுக்கு வேறுவிதம். தாயார் படித்தார், மகளோடு அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. தகப்பனார் வெறுத்தார், அவரும் பேசியதாகத் தெரியவில்லை. நல்ல தகப்பன், நல்ல தாய், நடுவில் ஒரு பிள்ளை தன்னந்தனியே தன் புத்தகத்தோடு இருந்தாள். சர்வேசுரன் அவளைப் பிற்காலத்தில் பெரிய அர்ச்சியசிஷ்டவள் ஆக்கினார் என்பது அவருடைய கிருபை. அந்தக் கிருபையைச் சாக்காக வைத்து நாம் அசட்டையாய் இருக்கலாமா?

4. சட்டம் போயிற்று, கடமை போகவில்லை

முற்காலத்தில் திருச்சபையிடம் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்று இருந்தது. நான்காம் சின்னப்பர் பாப்பரசர் 1559-ல் அதை வெளியிட்டார். கடைசிப் பதிப்பு 1948-ல் வந்தது. 1966-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் காலத்தில், அது திருச்சபைச் சட்டமாய் இருப்பது நின்றுபோயிற்று. “அப்படியானால் இனி எதையும் படிக்கலாம்” என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. சட்டமாய் இல்லாவிட்டாலும், விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஆபத்தான நூல்களை விட்டு விலகவேண்டிய மனச்சாட்சியின் கடமை அப்படியே இருக்கிறது என்று அப்போதே தெளிவாய்ச் சொல்லப்பட்டது. ரோமாபுரியில் இருந்த பாரம் அவரவர் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பாரத்தைத் தூக்கவேண்டியவர்கள் நீங்கள்.

முன்சொன்ன சங்க ஏடு இருவருக்கும் புத்தி சொல்லுகிறது. பெற்றோருக்கு: தீங்கு செய்யும் வெளியீடுகள் வீட்டுக்குள் நுழையாதபடி காவல் காப்பது கனமான கடமை. இளைஞருக்கு: அளவும் அடக்கமும் பழகுங்கள், கண்டதையும் படித்ததையும் பற்றி ஆசிரியர்களோடும் அறிந்தவர்களோடும் பேசி, சரியாய்த் தீர்ப்புச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். காவலும் வேண்டும், பேச்சும் வேண்டும். நாம் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

பிரான்சிஸ் பாப்பரசர் 2025-ல் இறப்பதற்கு முந்தின வருஷம், 2024 ஜூலை 17-ந் தேதியிட்டு, இலக்கியம் வாசிப்பதைப் பற்றியே ஒரு நிருபம் எழுதினார். அதில் தம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறார். 1964, 1965-ஆம் ஆண்டுகளில், தமக்கு 28 வயதாய் இருந்தபோது, அர்ஜென்டீனாவில் சாந்தா ஃபே நகரத்து சேசுசபைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்தார். பாடத்திட்டப்படி ‘எல் சித்’ என்ற பழங்காவியத்தைப் படிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை, தற்காலத்துக் கவிஞர் கார்சியா லோர்காவைப் படிக்க ஆசைப்பட்டார்கள். அவர் என்ன செய்தார்? காவியத்தை வீட்டில் படித்து வாருங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் படிப்போம் என்றார். அவர்களோடு சேர்ந்தே படித்தார். நாளடைவில் பிள்ளைகளுக்குச் சுவை வளர்ந்து, மற்ற ஆசிரியர்களின் நூல்களையும் தேடிப் போனார்கள் என்று எழுதுகிறார். அவர் வாசற்படியில் நின்று தடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு விடவும் இல்லை. கூடப் போனார்.

5. அந்தப் பையன் சொன்னது

ஒரு வாரம் கழித்துத் தாயும் மகனும் வந்தார்கள். பையன் தலை நிமிரவில்லை. கிழித்த புத்தகத்தைக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பான். முழுப் புத்தகத்தையும் அவன் முன்னால் வைத்து, “தம்பி, நானும் படித்துவிட்டேன். இதில் வருகிறவர்களில் நீ யார்?” என்று கேட்டேன்.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கூபர், சுவாமி” என்றான்.

கூபர் என்பவன் ஜெரியின் சிநேகிதன். நல்ல பையன். நடப்பது அநியாயம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பயந்து ஒதுங்கிக்கொள்ளுகிறவன்.

“எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், சுவாமி. தினமும் பள்ளிக்கூட வேனில் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து துப்புகிறார்கள். நான் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாய்ப் பார்த்துக்கொண்டு வருவேன்.”

தாயார் பதறிப்போனார். “ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?”

“சொன்னால், நீ அந்த வேனில் போகாதே என்பீர்கள், அம்மா. அவன் போகத்தானே வேண்டும்?”

பிரியமானவர்களே, அன்று அந்தப் பதிலுக்குமேல் நான் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. பாவ பரிசோதனைக்கு எத்தனையோ கேள்விகளை அந்தப் பிள்ளைக்கு நாம் கற்பித்திருக்கிறோம். செய்த பாவத்தைக் கேட்டோம். செய்யாமல் விட்ட நன்மையை அவனுக்கு உறைக்கும்படி கேட்டது, தலையணைக்கு அடியில் கிடந்த அந்தப் புத்தகம்.

“ஆனாலும் அந்த அசிங்கமான வார்த்தைகள், சுவாமி?” என்றார் தாயார். அவர் கேட்டது நியாயம். பையனிடமே கேட்டேன். “அதெல்லாம் வேனில் தினமும் கேட்கிறதுதான்” என்றான். காதில் விழுவது வேறு, நாவில் எடுத்துக்கொள்வது வேறு என்று அவனுக்குச் சொன்னேன். சரீர இச்சையைப் பற்றிய இடங்களைக் குறித்து, அவை மனத்தில் நின்று தொந்தரவு செய்தால் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடுவது கோழைத்தனம் அல்ல, புத்திசாலித்தனம் என்றும் சொன்னேன். வீட்டில் அவனுக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் தங்கை இருக்கிறாள். அவள் கைக்கு இந்தப் புத்தகம் எட்டலாகாது என்று கண்டிப்பாய்ச் சொன்னேன். அவனே தலையை ஆட்டினான்.

அடுத்த வாரம் அவன் வேனில் இடம் மாறி, அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு நாள் இவன் டப்பாவிலும் துப்பினார்கள். தாயும் மகனும் போய் வகுப்பு ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அதன்பின் அது நின்றது. எல்லாக் கதையும் இப்படி முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புத்தகத்தைக் கிழித்திருந்தால் இது தொடங்கியே இராது.

6. வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவது: மறைக்கத் தேவையில்லாத வீடாக உங்கள் வீட்டை ஆக்குங்கள். “நீ படிப்பதை மேசைமேல் வை. காட்டியதற்காக உன்னை அடிக்கமாட்டேன்” என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டு. அதைக் காரணத்தோடு சொல்லுங்கள். கைபேசியில் படிக்கும் தொடர்கதைக்கும் இதே ஒழுங்கு இருக்கட்டும். அங்கே அட்டையும் இல்லை, தலையணையும் இல்லை, ஒளிப்பது எளிது.

இரண்டாவது: படித்துப் பாராமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புத்தகத்தின் அட்டையில் “இளையோருக்கு” என்று அச்சிட்டிருப்பதால் நம்பிவிடவும் வேண்டாம், ஒரு பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தையைக் கண்டதால் கிழித்துவிடவும் வேண்டாம். ஆங்கிலம் தெரியாத பெற்றோர் வெட்கப்படவேண்டாம். “கதையை எனக்குச் சொல்லு” என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லக் கூசுகிற இடம் எதுவோ, பேசவேண்டிய இடமும் அதுவே.

மூன்றாவது: வயதைப் பாருங்கள். பதினாறு வயதுப் பையனுக்குத் தகுந்தது பதினோரு வயதுத் தங்கைக்குத் தகாது. பிள்ளையின் சுபாவத்தையும் பாருங்கள். ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கிற பிள்ளை இருண்ட கதைகளையே ஒன்றன்பின் ஒன்றாய்த் தேடினால், புத்தகத்தைப் பிடுங்குவதற்கு முன் பிள்ளையைக் கவனியுங்கள். வேண்டுமானால் மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

நான்காவது: தயங்காமல் விலக்கவேண்டியவை உண்டு. காமத்தைத் தூண்டுவதற்கென்றே எழுதியவை, கொடுமையை ருசியாக்குபவை, தன்னைத் தானே மாய்த்துக்கொள்வதை அழகாகக் காட்டுபவை. இவற்றில் பேரம் வேண்டாம்.

ஐந்தாவது: நல்லதைக் கையில் கொடுங்கள். ஒன்றை விலக்கிவிட்டு அந்த இடத்தை வெறுமையாய் விடாதீர்கள். அர்ச். பசிலியார், பிற மதத்து நூல்களைப் படித்த கிறிஸ்தவ இளைஞருக்கு எழுதும்போது, தேனீயைப் பார்க்கச் சொல்லுகிறார். அது எல்லாப் பூவிலும் ஒரேமாதிரி உட்காருவதில்லை, உட்கார்ந்த பூவிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்துப் போவதில்லை. அந்தத் தெரிவு பிள்ளைக்குத் தானாக வராது. கூடப் பறந்து காட்டவேண்டும்.

ஆறாவது, இதைத் தகப்பன்மாருக்கென்றே சொல்லுகிறேன். புத்தகத்தில் உள்ள கெட்ட வார்த்தைக்குப் பதறுகிற நாம், இரவில் குடித்துவிட்டு வந்து அதே வார்த்தையைப் பிள்ளைகளின் தாயை நோக்கிச் சொல்லுகிறோமா? அப்படியானால் பிள்ளை அதைப் படித்துக் கற்கவில்லை. தன் வீட்டில் நடப்பது வேறு எங்காவது நடக்கிறதா, அந்தப் பிள்ளைகள் எப்படித் தாங்குகிறார்கள் என்று அறியத்தான் சில பிள்ளைகள் இத்தகைய கதைகளைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் நாவலை எழுதிய ஹின்டன் என்ற பெண்ணுக்கு, 1967-ல் அது வெளிவந்தபோது வயது 18. அடிதடிக் கூட்டங்களையும் சிதைந்த குடும்பங்களையும் பற்றிய அந்தக் கதையைப் பள்ளியில் படிக்கும்போதே எழுதினார். தாம் நேரில் கண்ட பிள்ளைகளின் வாழ்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்ற ஏக்கம்தான் அவரை எழுத வைத்தது. நம் வீட்டு விஷயத்தைத் திருத்தாமல் புத்தகத்தை எரிப்பது, முகத்தைக் கழுவாமல் கண்ணாடியை உடைப்பது போலாகும்.

முடிவாக ஒன்று. சாக்லேட் யுத்தத்தில் வரும் ஜெரிக்குத் தாய் இல்லை, இறந்துவிட்டாள். தகப்பன் இருக்கிறார். நல்லவர், துக்கத்தில் உறைந்து போனவர். மகன் படும் பாடு ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஒரே கூரையின்கீழ் இருந்தும் மகன் சொல்லவில்லை, தகப்பனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த நாவலில் எனக்கு அதிகமாய் வலித்த இடம் கடைசி அடிதடி அல்ல, இந்த மௌனமே.

இதே கோர்மியர் 1977-ல் ‘ஐ ஆம் தி சீஸ்’ என்று இன்னொரு நாவல் எழுதினார். அதில் ஒரு பெண்ணின் தொலைபேசி எண் வருகிறது. அவர் அங்கே தம் சொந்த வீட்டு எண்ணையே எழுதிவிட்டார். புத்தகம் வெளிவந்தபின், எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் அந்த எண்ணை அழைத்தார்கள். அவரும் எடுத்துப் பேசினார். பல வருஷம் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு கதையைப் படித்துவிட்டுக் கலங்கின பிள்ளை, யாரிடமாவது பேசவேண்டும் என்று முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிடுகிறது. அடுத்த அறையில் இருக்கிற உங்களை அது கூப்பிட முடியுமா?

சேசுநாதர் எம்மாவுஸ் வழியில், மனம் உடைந்து நடந்துகொண்டிருந்த இரண்டு சீஷரோடு சேர்ந்துகொண்டார். முதலில் அவர் உபதேசிக்கவில்லை, அவர்கள் பேசிக்கொண்டு போவது என்னவென்று கேட்டார். பிறகுதான் வேதாகமத்தை விளக்கினார். பெற்றோர்களே, உங்களுக்கும் எனக்கும் அதுவே மாதிரி. திருக்குடும்பத்தின் ஆசீர்வாதம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

குடும்பமாய்ச் சிந்திக்க: இந்த வாரம் இரவு ஜெபமாலைக்குப் பின் பத்து நிமிஷம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பிள்ளைகளிடம்: இப்போது என்ன படிக்கிறாய்? அதில் வருகிறவர்களில் நீ யார்?

பிள்ளைகள் பெற்றோரிடம்: என் வயதில் நீங்கள் ஒளித்துப் படித்தது என்ன?

எல்லாரும் தமக்குத்தாமே: யாருடைய அழுகையைக் கேட்டும் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்?

உங்கள் பங்குக் குரு